பனியில் எந்தக் கேமரா?

போன மாசம் சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, பிப்ரவரில ஃப்ரெண்ட்ஸோட ஸ்பிட்டி போறேன். ஃபுல்லா ஸ்னோவா இருக்குமாம். வீடியோ எடுக்க எந்தக் கேமரா வாங்கலாம்?"

நான் கேமரா நிபுணன் இல்லை. பழைய சினிமா பற்றி அவ்வப்போது இங்கே எழுதுகிறவன் என்பதால் கேமராவும் தெரியும் என்று வீட்டில் ஒரு நம்பிக்கை. ஆனால் பனியில் வீடியோ எடுத்து ஏமாந்த அனுபவம் ஒன்று என்னிடம் உண்டு. சில வருஷத்துக்கு முன்னால் சோலாங் பள்ளத்தாக்குக்குப் போனபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தேன். கண் கூசுகிற வெயில், எங்கு பார்த்தாலும் வெள்ளை. ஊருக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தால், சிமெண்ட் தரையில் நாங்கள் நடப்பது மாதிரி இருந்தது. வெள்ளை போய்ச் சாம்பல் வந்திருந்தது. அம்மாவின் முகம் கன்னங்கரேல் என்று. ஸ்கிரீனில் வெயில் அடித்ததால் எடுக்கும்போது ஒன்றுமே தெரியவில்லை. குத்துமதிப்பாகத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவனுக்குப் பதில் சொல்வதற்காகத் தேட ஆரம்பித்து, கேமரா விமர்சனங்களில் தொடங்கி, 1910-க்குப் போய்விட்டேன். நமக்கு இதுதானே வழக்கம். இந்தக் கட்டுரை அந்தத் தேடலின் குறிப்புகள்.

முதலில் ஒரு சின்ன விஷயம். தமிழில் 'பனி' என்றால் மார்கழி விடியற்காலைப் புல்லில் இருப்பதும் பனி, ஊட்டியில் மூடுவதும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. நம் ஊரில் பனி என்பது வெளிச்சத்தை மங்க வைக்கும் பொருள். அதனால்தானோ என்னவோ, நம்மில் பலருக்கு முதல்முறை உண்மையான பனிமலையில் நிற்கும்போது அந்த வெளிச்சம் அதிர்ச்சியாக இருக்கிறது. புதிதாக விழுந்த பனி, தன்மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். மேலே ஒரு வானம், கீழே இன்னொரு வானம்.

கேமராவுக்கு இது புரியாது. தானியங்கி கேமராக்களின் லைட் மீட்டர், எதிரே இருப்பதெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம்தான் என்று நம்பிச் செய்யப்பட்டது. தெரு, மரம், வீடு, மனிதர்கள் என்றால் அந்த நம்பிக்கை சரி. எல்லாமே வெள்ளை என்றால் அது "ஐயோ, வெளிச்சம் அதிகம்" என்று பயந்து குறைத்துவிடும். அதனால்தான் என் சிமெண்ட் தரை. பனியில் எடுக்கிறவர்கள் மீட்டர் சொல்வதைவிட ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூட்டி வைப்பார்கள். ரொம்பக் கூட்டினால் பனியின் மடிப்பும் மணலும் போன்ற நுணுக்கமெல்லாம் வெளுத்து, வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் நிற்க வேண்டும்.

சரி, மீட்டரே இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்?

ஹெர்பர்ட் பான்டிங் என்ற ஆங்கிலேயர் 1910-ல் கேப்டன் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தில் சேர்ந்தார். கப்பலின் பெயர் டெர்ரா நோவா. அதுவரை ஜப்பான், இந்தியா என்று சுற்றிப் பத்திரிகைகளுக்கு ஸ்டில் படம் எடுத்து நல்ல பெயர் வாங்கியவர். அன்டார்டிகாவுக்குப் போன முதல் தொழில்முறைப் புகைப்படக்காரர் என்று அவரைச் சொல்வார்கள். சினிமா கேமரா அவருக்குப் புதுசு. இந்தப் பயணத்துக்காகவே கற்றுக்கொண்டார். பிரெஸ்ட்விச் நிறுவனத்தின் கேமராவும், நியூமன் சின்க்ளேர் கேமராவும் கொண்டு போனார். நியூமன் சின்க்ளேரின் ஆர்தர் நியூமன், கேமரா தயாரித்தவர் மட்டுமல்ல, எடுக்கப் போகிறவனின் கை எங்கே படும் என்று யோசித்துத் தயாரித்தவர். இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

அங்கே போனதும் பான்டிங்குக்குக் கிடைத்த பாடங்களைப் படித்தால், எதுவுமே படத்தின் தரம் பற்றியது அல்ல. எல்லாம் உடம்பைப் பற்றியது. கடுங்குளிரில் உலோகத்தை வெறும் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். ஃபிலிமைக் கேமராவுக்குள் கோக்க, தடித்த கையுறை போட்டுக்கொண்டு முடியாது. கழற்றினால் விரல் போகும். ஒருமுறை கேமராவின் உலோகத்தில் அவர் நாக்கு நுனி பட்டுவிட்டது. அப்படியே உறைந்து ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்ததில் தோல் கேமராவோடு போயிற்று. இதை அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

அடுத்தது எண்ணெய். நம் ஊரில் தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவது போல, கேமராவின் பல்சக்கரங்களுக்கு இடும் எண்ணெய் அங்கே கெட்டியாகிவிடும். கைப்பிடியைச் சுற்றவே முடியாது. எண்ணெயைத் துடைத்துவிட்டு, கிராஃபைட் பொடிதான் போட்டார்கள். பென்சிலுக்குள் இருக்கிற அதே கரி. இதில் சுற்றுவது என்பது சும்மா இல்லை. அந்தக் காலத்துக் கேமராவில் ஒரு சுற்றுக்கு 8 ஃப்ரேம், நொடிக்கு இரண்டு சுற்று, ஆக 16 ஃப்ரேம். வேகம் குறைந்தால் திரையில் ஆட்கள் ஓடுவார்கள், கூடினால் மிதப்பார்கள். விரல் மரத்துப்போன ஆள் ஒரே தாளத்தில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூச்சு இன்னொரு எதிரி. லென்ஸ் பக்கம் மூச்சு பட்டால் அது உடனே படலமாக உறைந்துவிடும். வெளியே கிடந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டு வந்தால், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த சோடா பாட்டில் மாதிரி உள்ளும் புறமும் வேர்க்கும். மறுபடி வெளியே போனால் அந்த வேர்வை பனிக்கட்டி. அதனால் கேமராவை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே வைப்பது, கொண்டுவந்தே ஆகவேண்டும் என்றால் படிப்படியாகக் கொண்டுவருவது என்று பழக்கம் வைத்துக்கொண்டார். இன்றைக்குக் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஹோட்டல் அறைக்குள் கொண்டு போங்கள் என்று சொல்வார்களே, அது இதே பாடம்தான்.

இப்போது வெளிச்சத்துக்கு வருவோம். இந்த இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அன்றைய சினிமா ஃபிலிம் ஆர்த்தோகுரோமேட்டிக் வகை. அதற்குச் சிவப்பு தெரியாது, நீலம் மிகையாகத் தெரியும். வானத்து நீலம் அதில் வெள்ளையாக விழும். பனியும் வெள்ளை. ஆக, மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. இது பாதிப் பிரச்சினை. இன்னொரு பாதியை நான் முதலில் யோசிக்கவே இல்லை. பனியில் விழும் நிழல்கள் கறுப்பு அல்ல. அந்த நிழலுக்கு வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது, அதனால் அவை நீலம். நீலத்தை வெள்ளையாகக் காட்டும் ஃபிலிமில் நிழலும் மறைந்துவிடும். காற்று வரைந்த கோடுகள், காலடித் தடங்கள், பள்ளங்கள் எல்லாம் நிழலால்தானே கண்ணுக்குத் தெரிகின்றன? நிழல் போனால் பனி இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி தட்டையாகிவிடும்.

இதற்குத் தீர்வு ஒரு மஞ்சள் கண்ணாடி. மஞ்சள் ஃபில்டர் நீலத்தைத் தடுக்கும். வானம் கருக்கும், நிழல் திரும்பி வரும், பனிக்கு உருவம் வரும். வெளிச்சத்தில் ஒரு பகுதி வீணாகும், அவ்வளவுதான். அன்றைய ஃபிலிமின் வேகம் ரொம்பக் குறைவு என்பதால், சாதாரண ஊரில் மேகமூட்டமான நாளில் இந்த நஷ்டம் கட்டுப்படியாகாது. பனியில் வெளிச்சம்தான் கொட்டிக் கிடக்கிறதே! பிரச்சினையைக் கொடுத்த வெளிச்சமே அதற்கான செலவையும் கொடுத்தது. இத்தோடு, உச்சி வெயிலை விட்டுவிட்டு, சூரியன் தாழ்ந்து பக்கவாட்டில் அடிக்கும் நேரத்துக்காகக் காத்திருப்பது. துருவப் பக்கம் சூரியன் எப்போதும் தாழ்வாகவே இருப்பதால் அது பான்டிங்குக்கு இயற்கையே செய்த உபகாரம்.

ஆனால் பான்டிங்கின் கேமராவால் முடியாதது ஒன்று இருந்தது. நடக்க.

1911 நவம்பர் 1 அன்று ஸ்காட் துருவத்தை நோக்கிக் கிளம்பினார். பெட்டி, ட்ரைபாட், ஃபிலிம் டப்பாக்கள் எல்லாவற்றையும் சறுக்குவண்டியில் வைத்து நூற்றுக்கணக்கான மைல் இழுத்துப் போவது நடக்கிற காரியம் இல்லை. பான்டிங் கடற்கரை முகாமோடு நின்றார். அதற்கு முன்பே ஒரு காரியம் செய்திருந்தார். ஸ்காட், வில்சன், பவர்ஸ், எட்கர் எவன்ஸ் ஆகிய நால்வரையும் முகாமுக்குப் பக்கத்திலேயே வண்டி இழுக்க வைத்து, கூடாரம் போட வைத்து, சமைக்க வைத்து, தூங்கும் பைக்குள் நுழைய வைத்துப் படம் எடுத்தார். அதாவது, இனிமேல் நடக்கப் போவதை முன்கூட்டியே நடித்துக் காட்டியது. நால்வரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்த நால்வருமே திரும்பி வரவில்லை.

துருவத்தில் அவர்கள் கையில் இருந்தது ஒரு ஸ்டில் கேமரா. அதில் எப்படி எடுப்பது என்று பான்டிங் சொல்லிக்கொடுத்திருந்தார். 1912 ஜனவரியில் ஐந்து பேர் நின்று எடுத்துக்கொண்ட படத்தில், பவர்ஸின் கையிலிருந்து ஒரு நூல் போவது தெரியும். நூலை இழுத்துத் தன்னையே தன் நண்பர்களோடு படம் எடுத்தார். அமுண்ட்சென் ஏற்கனவே வந்து போய்விட்டது தெரிந்த பிறகு எடுத்த படம் அது. முகங்களைப் பார்த்தாலே தெரியும். அந்த ஃபிலிம் அவர்கள் உடல்களோடு கூடாரத்தில் பல மாதங்கள் கிடந்தது. 1912 நவம்பரில் தேடிப் போனவர்கள் கண்டெடுத்து டெவலப் செய்தபோது படம் வந்தது. குளிர் கேமராவைக் கொல்லும், ஃபிலிமைக் காப்பாற்றும். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

பான்டிங் தன் மீதி வாழ்நாளை இந்தப் படத்தோடே கழித்தார். உரிமையை வாங்கி, மேடைகளில் விளக்கவுரை சொல்லிக் காட்டி, 1924-ல் 'த கிரேட் வைட் சைலன்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டார். 1933-ல் ஒலியோடு மறுபடி. 1935-ல் இறந்தார். பெரிய பணம் எதுவும் பார்க்கவில்லை.

இதே காலத்தில் இன்னொரு கதை, சுருக்கமாக. ஃபிராங்க் ஹர்லி என்ற ஆஸ்திரேலியர் ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பலில் போனவர். 1915-ல் கப்பலைப் பனிக்கட்டி நசுக்கிவிட்டது. உடைந்த கப்பலுக்குள் தேங்கிய உறைநீரில் இறங்கி, நெகட்டிவ் டப்பாக்களை வெளியே எடுத்தார். எல்லாவற்றையும் சுமக்க முடியாது. ஷாக்கிள்டனும் அவரும் பனியில் உட்கார்ந்து கண்ணாடி நெகட்டிவ்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, சுமார் 120-ஐ மட்டும் வைத்துக்கொண்டு, ஏறக்குறைய 400-ஐ அங்கேயே உடைத்தார்கள். மனசு மாறித் திரும்பி எடுத்துவிடக் கூடாது என்பதற்காக உடைத்தார்கள். சினிமா கேமரா, பெரிய ஸ்டில் கேமரா எல்லாம் பனியோடு போயின. அதன் பிறகு அவரிடம் மிஞ்சியது வெஸ்ட் பாக்கெட் கோடாக் என்ற மடக்குக் கேமராவும் மூன்று ரோல் ஃபிலிமும்தான். சட்டைப் பையில் அடங்கும். எலிஃபெண்ட் தீவில் அவர்கள் மாதக்கணக்கில் தவித்த படங்கள் எல்லாம் அதில் எடுத்தவை.

எந்தக் கேமரா என்ற கேள்வியை ஒரு மனிதன் இதைவிடக் கடுமையாகச் சந்தித்திருக்க முடியுமா என்று தெரியவில்லை.

இப்போது எவரெஸ்ட். ஜான் நோயல், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, இந்தியாவில் இருந்தவர். 1913-ல் விடுமுறை எடுத்து, இந்திய முஸ்லிம் வேஷம் போட்டு, அனுமதி இல்லாமல் திபெத்துக்குள் நுழைந்து, எவரெஸ்டிலிருந்து 40 மைல் தூரம் வரை போய்த் திருப்பி அனுப்பப்பட்டவர். 1922 எவரெஸ்ட் குழுவில் அதிகாரப்பூர்வப் படப்பிடிப்பாளராகச் சேர்ந்தார். பான்டிங்கின் படத்தைப் பார்த்து அசந்தவர் என்பதால், அவரும் போய் நின்றது ஆர்தர் நியூமனிடம்தான்.

நியூமன் சின்க்ளேர் கேமரா இப்போது டூராலுமின் என்ற அலுமினியக் கலப்பு உலோகத்தில் வந்திருந்தது. விமானங்களுக்குப் பயன்படுத்தும் உலோகம். மரப்பெட்டியைப் போல ஈரத்தில் உப்பாது, வறட்சியில் வெடிக்காது, எடையும் குறைவு. திபெத்தின் காற்று எலும்பைப் போல வறண்டது. அந்த வறட்சியில் இன்னொரு விசித்திரப் பிரச்சினை உண்டு. ஃபிலிம் உள்ளே ஓடும்போது உராய்ந்து மின்சாரம் உண்டாகி, சின்னச் சின்னப் பொறிகள் பறக்கும். டெவலப் செய்தால் படத்தின்மேல் மரக்கிளை மாதிரி வெள்ளைக் கோடுகள். கேமராவுக்குள்ளேயே இடிமின்னல்.

1922-ல் நோயல், 23,000 அடி உயரத்தில் இருக்கும் நார்த் கோல் வரை கேமராவைக் கொண்டு போனார். அந்த உயரத்தில் அதற்கு முன் யாரும் சினிமா எடுத்ததில்லை. கீழே அடிவார முகாமில் ஒரு கூடாரத்தையே டார்க் ரூமாக்கி, ஓடைத் தண்ணீரில் ஃபிலிமைக் கழுவி, யாக் சாண வறட்டி எரித்து அந்தச் சூட்டில் காய வைத்தார். ஏன் இவ்வளவு பாடு, ஊருக்குக் கொண்டுபோய்க் கழுவக் கூடாதா என்று கேட்கலாம். வெளிச்சம் சரியாக விழுந்ததா என்பதைத் தெரிந்துகொள்ள வேறு வழி இல்லை. சோலாங்கில் நான் ஊருக்கு வந்துதானே சிமெண்ட் தரையைப் பார்த்தேன்? எடுத்த இடத்திலேயே கழுவிப் பார்த்தால், தப்பு என்றால் நாளைக்குத் திருத்திக்கொள்ளலாம்.

கேமராவைச் சுமந்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஷெர்பாக்களும் திபெத்தியர்களும். அந்த 1922 ஜூன் 7 அன்று நார்த் கோல் சரிவில் பனிச்சரிவு விழுந்து சுமை தூக்கிய ஏழு பேர் இறந்தார்கள். எவரெஸ்டில் நடந்த முதல் பெரிய விபத்து அது. மல்லோரி, இர்வின் என்ற பெயர்கள் தெரிந்த அளவுக்கு அந்த ஏழு பேரின் பெயர்கள் யாருக்கும் தெரியாது.

1924-ல் மறுபடி. இந்த முறை நோயல் 8,000 பவுண்டு கொடுத்து, படம் மற்றும் புகைப்பட உரிமை முழுவதையும் தானே வாங்கினார். பயணத்தின் செலவில் பெரும் பகுதியை அந்தப் பணம் தாங்கியது. அதாவது, மலையேறுகிறவர்களை மேலே அனுப்பியதே ஒரு விதத்தில் சினிமா. சாணப் புகையில் கழுவும் வேலையும் இனி இல்லை. டார்ஜிலிங்கில் ஒரு லேப் கட்டி, எடுத்த ஃபிலிமை ஆட்கள் மூலம் அங்கே அனுப்பினார்.

அவரிடம் 20 அங்குல டெலிஃபோட்டோ லென்ஸ் இருந்தது. இன்றைய கணக்கில் 500 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மூன்றாம் முகாமுக்கு மேலே, சுமார் 22,000 அடி உயரத்தில், 'கழுகுக் கூடு' என்று அவர் பெயர் வைத்த ஒரு பாறை விளிம்பில் கேமராவை நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் நார்த் கோலும், உச்சிக்குப் போகும் முகடும் மைல் கணக்கான தூரத்தில் தெரியும். ஏறுகிறவர்களோடு கேமரா போக முடியாது என்ற பான்டிங்கின் பிரச்சினைக்கு இவர் கண்டுபிடித்த பதில் இது. கேமரா போகாவிட்டால் என்ன, அதன் கண் போகட்டும்.

ஜூன் 4 அன்று நார்ட்டன் 28,126 அடி வரை ஏறித் திரும்பினார். அன்று அவர் செய்த ஒரு தப்பு நம் விஷயத்துக்குப் பொருத்தமானது. கறுப்புப் பாறையில்தானே நடக்கிறோம், பனியில் இல்லையே என்று கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டார். அன்றிரவே பார்வை போயிற்று. இரண்டரை நாள் குருடாகக் கிடந்தார். கண் குணமாகிவிட்டது, நல்லவேளை. ஆனால் மனிதக் கண்ணும் அந்த வெளிச்சத்தில் வெளுத்துப்போகிற ஒரு ஃபிலிம்தான் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்.

ஜூன் 8. மல்லோரியும் இர்வினும் ஆறாம் முகாமிலிருந்து உச்சிக்குக் கிளம்பிய நாள். நோயல் கழுகுக் கூட்டில் லென்ஸை உச்சியை நோக்கித் திருப்பிக் காத்திருந்தார். உலோகம் சரி, லென்ஸ் சரி, இடம் சரி, அத்தனை முன்னேற்பாடும் சரி. மேகம் வந்து மூடிக்கொண்டது.

அதே நாள் பகல் 12.50-க்கு, மலையின் வேறொரு பகுதியில் தனியாக ஏறிக்கொண்டிருந்த ஓடெல் என்ற நிலவியல் அறிஞருக்கு, மேகம் ஒரு நிமிஷம் விலகியது. முகட்டின் பனியில் ஒரு கறுப்புப் புள்ளி நகர்ந்தது, பின்னால் இன்னொன்று. மேகம் மூடியது. அவ்வளவுதான். அவர் கையில் கேமரா இல்லை. எந்தப் படியில் பார்த்தேன் என்பதில் அவரே பின்னால் மாற்றிச் சொன்னார். அந்த இரண்டு புள்ளிகள் எங்கே இருந்தன, உச்சியைத் தொட்டார்களா இல்லையா என்று நூறு வருஷமாக மலையேறிகள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஓடெல் நின்ற இடத்தில் நோயலின் லென்ஸ் இருந்திருந்தால்? இந்த 'இருந்திருந்தால்' என்னைத் தூங்கவிடவில்லை.

நோயலுக்குக் கிடைத்தது வேறு ஒரு காட்சி. ஜூன் 10 அன்று ஓடெல் மறுபடி மேலே போய்த் தேடிவிட்டு, தூங்கும் பைகளைப் பனியில் விரித்து அடையாளம் காட்டினார். அதைப் பார்த்து, நார்த் கோல் முகாமில் இருந்தவர்கள் கீழே தெரியும்படி போர்வைகளைச் சிலுவை வடிவில் வைத்தார்கள். இறந்துவிட்டார்கள், நம்பிக்கை இல்லை என்று முன்பே பேசிவைத்த சைகை. வெள்ளைப் பனியில் கறுப்பாக ஒரு சிறிய சிலுவை. உச்சி வெற்றியைப் பிடிக்கக் கொண்டுவந்த லென்ஸ் பிடித்தது அதை. படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது. பனியும் பாறையும் மட்டும் உள்ள ஒரு ஃப்ரேமில் எறும்பு அளவுக்கு ஆட்கள். பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2013-ல் புதுப்பித்து வெளியிட்ட பிரதியில், காட்சிக்குக் காட்சி சாயம் ஏற்றிய நிறங்களோடு பார்க்கலாம்.

'தி எபிக் ஆஃப் எவரெஸ்ட்' 1924 டிசம்பரில் லண்டனில் திரைக்கு வந்தது. உச்சிக் காட்சி இல்லாத எவரெஸ்ட் படத்துக்குக் கூட்டம் சேர்க்க வேண்டும். போட்ட பணம் வர வேண்டும். நோயல், கியான்ட்சேயிலிருந்து ஏழு லாமாக்களை அழைத்து வந்து, படத்துக்கு முன்னால் மேடையில் ஆட வைத்தார். படத்தில் திபெத்தியர் ஒருவர் பேன் எடுத்துத் தின்பதாக ஒரு காட்சி வேறு. லாசாவில் கடும் கோபம். துறவிகளைக் கூத்தாடிகளாக்கிவிட்டார்கள் என்று புகார் போனது. அதற்குப் பிறகு 1933 வரை ஒரு எவரெஸ்ட் குழுவும் திபெத் வழியாகப் போக முடியவில்லை. ஒன்பது வருஷம்! மலையேறிகள் நோயலை மன்னிக்கவே இல்லை. எனக்கு அவர் மேல் கோபமும் பரிதாபமும் சேர்ந்தே வருகிறது. கடன் பட்டுக் கேமரா தூக்கினவன் அப்படித்தான் செய்வான் என்றும் தோன்றுகிறது, அந்த ஏழு பேரைக் கேட்டார்களா என்றும் தோன்றுகிறது. நோயல் 1989 வரை, 99 வயது வரை வாழ்ந்தார்.

மல்லோரியின் சட்டைப் பையில் போனது என்ன தெரியுமா? சோமர்வெல் என்ற சக மலையேறி இரவல் கொடுத்த வெஸ்ட் பாக்கெட் கோடாக். ஹர்லியிடம் கடைசியில் மிஞ்சியதே, அதே வகை. (இந்த சோமர்வெல்தான் பிறகு திருவிதாங்கூரின் நெய்யூரில் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டராகப் பல வருஷம் இருந்தவர். இப்போது அது நம் கன்னியாகுமரி மாவட்டம். நாகர்கோவில் பக்கத்து வாசகர்கள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.) 1999-ல் மல்லோரியின் உடல் கிடைத்தது. கேமரா இல்லை. 2024-ல் இர்வினின் பெயர் தைத்த காலுறையோடு ஒரு பூட்ஸ் கிடைத்தது. அப்போதும் கேமரா இல்லை. கிடைத்தால் படம் வருமா? 1897-ல் பலூனில் வடதுருவம் போன ஆந்த்ரே குழுவின் ஃபிலிம், 33 வருஷம் பனியில் கிடந்து 1930-ல் கிடைத்தது. அதில் படம் வந்தது. அதனால்தான் இன்னும் தேடுகிறார்கள்.

1953-ல் ஹிலாரி உச்சியில் டென்சிங்கை எடுத்ததும் ஒரு சின்ன கோடாக் ரெட்டினாவில்தான். அந்தக் குழுவின் சினிமாப் படப்பிடிப்பாளர் டாம் ஸ்டோபார்ட் கீழேயே நின்றுவிட, மேலே உள்ள பகுதியை மலையேறியான ஜார்ஜ் லோ சிறிய 16 எம்.எம். கேமராவில் எடுத்தார். உச்சியில் பெரிய கேமரா ஓட 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டேவிட் பிரீஷியர்ஸ், குளிரைத் தாங்கும்படி மாற்றி, எடையை வெகுவாகக் குறைத்த ஐமேக்ஸ் கேமராவை ஷெர்பாக்களின் முதுகில் ஏற்றிக் கொண்டு போனார். ஒரு ரோல் ஓடுவது 90 நொடி. ஃபிலிம் கோக்க அவரும் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தது. பான்டிங்கின் விரல்தான், 85 வருஷம் கழித்து.

சித்தி மகனுக்கு நான் எழுதி அனுப்பியது இவ்வளவுதான். எக்ஸ்போஷரைக் கையால் மாற்ற முடிகிற கேமராவாக இருக்கட்டும். கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டர் கட்டாயம் வேண்டும், ஸ்கிரீன் வெயிலில் தெரியாது. என்டி ஃபில்டர் உள்ளேயே இருந்தால் நல்லது. அது லென்ஸுக்குப் போடும் கூலிங் கிளாஸ். இல்லாவிட்டால் அந்த வெளிச்சத்தில் ஷட்டர் வேகத்தை ஏற்றியாக வேண்டும், நடை வெட்டி வெட்டித் தெரியும். பட்டன்கள் கையுறை விரலுக்கு அகப்படுகிற அளவில் இருக்கிறதா என்று கடையிலேயே கையுறை போட்டுப் பார். பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும், இரண்டு உபரி வாங்கி உள்சட்டைப் பையில் வை. கடைசியாக, அதைத் தூக்கிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் ஏறிப் பார்.

"அண்ணே, கடைசி பாயிண்ட்டு புரியல" என்றான். பான்டிங் கதையைச் சொன்னேன். பாதியில் "சரிண்ணே, சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டான்.

நல்ல கேமராவாகத்தான் வாங்கினான். போன வாரம் திரும்பி வந்து வீடியோக்களை அனுப்பியிருக்கிறான். கீ மடாலத்துக்குக் கீழே பனியில் ஒரு நாய் அவன் பின்னாலேயே ஓடி வருகிறது. பனி வெள்ளையாக இருக்கிறது, நாயின் நிழல் நீலமாக இருக்கிறது. பிரமாதம் என்று எழுதினேன். அது போனில் எடுத்ததாம். கேமரா ஜீப்பில் பைக்குள் இருந்ததாம்.